இறங்காத ஊர்களின் ஆசிரியர்

சனிக்கிழமை மாலை நாலு நாற்பதுக்குச் சூளைக்கு முன்னால் என் மகளின் செருப்பைப் பார்த்தேன். நேரத்தில் சந்தேகமே இல்லை. டியூஷன் மிஸ் போனில் அனுப்பியிருந்த 'பாப்பா இன்னைக்கு வரலையா?' என்ற செய்தியைப் படித்து, மணியையும் பார்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன். சூளை பற்றவைத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வேறு தொழில் செய்கிற வீட்டில் பிள்ளையின் செருப்பு எங்கே கிடந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் கொட்டகையில் அப்படி இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை, அதில் ஓர் எண்ணெய்ச் சூளை. சூளைக்கு முன்னால் தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருக்கும். பொம்மைகளை உள்ளே அடுக்க ஆரம்பித்ததிலிருந்து சூளை ஆறும்வரை அந்தக் கோட்டைச் செருப்புக் காலோடு யாரும் தாண்டமாட்டோம். கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டுப் போவோம், திரும்பி வரும்போது போட்டுக்கொள்வோம். அதனால் வெளியே ஒரு ஜோடி செருப்பு இருந்தால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எங்கள் கண்ணுக்குப் பழகிய கணக்கு அது.

அன்றைக்குக் கோட்டுக்கு உள்ளே என் கணவரும் சூளை மேஸ்திரியும் மட்டும் நின்றார்கள். வெளியே மூன்று ஜோடி செருப்பு இருந்தது.

அந்த மூன்றாவது ஜோடி எனக்கு ஏன் சாதாரணமாகப் படவில்லை என்று விளங்க வேண்டுமானால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு இவ்வளவு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஏற்கெனவே போதுமான இடத்தை அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் ஒரு காமிக்ஸ் இதழின் ஆசிரியர். கதைகளையும் அவரே எழுதுகிறார். தானே எழுதி, தானே திருத்தி, தானே பாராட்டிக்கொள்கிற அரிய வசதி அவருக்கு வாய்த்திருக்கிறது. நான் பள்ளியில் படித்த காலத்தில் காமிக்ஸ் என்றால் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கதைகள். குதிரையில் வருகிறவன் தமிழில் சவால் விடுவான், நாமும் ஏன் என்று கேட்கமாட்டோம். இவர் வந்து, இனி நம் ஊர்களிலேயே கதை நடக்கும் என்றார். நல்ல யோசனைதான். அதை யார் வேண்டாம் என்றார்கள்? மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கச் சில்லு உடைந்துபோன ஒரு துப்பறிவாளனை உண்டாக்கி, மாதம் ஒரு ஊருக்கு அனுப்பினார். ஒரு மாதம் உப்பளம், ஒரு மாதம் சர்க்கரை ஆலை, ஒரு மாதம் நெசவுத்தறி. புத்தகம் ஓடியது. உடனே மற்ற இதழ்க்காரர்களும் ஆளுக்கொரு துப்பறிவாளனைப் பிடித்து ஊர் ஊராக ஓட்டினார்கள். ஒருவனுக்குக் கண்ணாடி உடைந்திருந்தால் இன்னொருவனுக்குக் காது கேட்காது. அசல் யோசனைக்கு அவ்வளவு பஞ்சம்.

பிறகு அவர் கயிற்றில் தொங்கியதைக் கெட்டி அட்டைக்குள் ஏற்றினார். முன்பதிவு செய்தால்தான் புத்தகம் என்றார். அதையும் மற்றவர்கள் அப்படியே பின்பற்றினார்கள். சில்லறைக் காசில் வாங்கிப் படித்த பிள்ளைகள் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் தலை வழுக்கையான, சர்க்கரை மாத்திரை போடுகிற வாசகர்கள். புத்தகத்தை உறை பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். படித்தால் மூலை மடங்கிவிடுமாம். குழந்தைகளுக்கான ஒரு பொருளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்த பெருமை முழுவதும் அவருக்கே உரியது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. அவர் எழுதுகிற ஊர்களில் அவர் இறங்குவதில்லை.

நான் இட்டுக்கட்டவில்லை. அவரே பெருமையாக எழுதுகிறார். ஒவ்வொரு இதழின் முதல் இரண்டு பக்கமும் ரயிலில் உட்கார்ந்து அவர் எழுதும் கடிதம். ஜன்னலில் இந்த ஊரின் வயலைப் பார்த்தேன், அந்த ஊரின் கோபுரத்தைப் பார்த்தேன், அடுத்த கதை அங்கேதான் என்று எழுதுவார். கடிதத்தின் கடைசியில், அடுத்து எந்தக் கிழமை, எந்த வண்டியில், எந்தப் பெட்டியில் வருகிறார் என்று அறிவிப்பு இருக்கும். வாசகர்கள் தங்கள் ஸ்டேஷனில் புத்தகத்தோடு நிற்க வேண்டும். அவர் பெட்டியின் கதவில் வந்து நின்று கையெழுத்துப் போடுவார். வண்டி நிற்கும் இரண்டு நிமிஷம்தான் தரிசனம். பிறகு விசில், கையசைப்பு. சாமியே தேரை விட்டு இறங்காதபோது இவர் மட்டும் எதற்கு இறங்க வேண்டும் என்று அவருடைய பக்தர்கள் நினைத்திருப்பார்கள்.

எங்கள் ஊர்க் கதையும் அப்படி வந்ததுதான். ரயில் ஜன்னலில் தூரத்துப் புகைபோக்கி தெரிந்திருக்கிறது. போதாதா? துப்பறிவாளன் எதிரிகளிடமிருந்து தப்பி, பொம்மை அடுக்கிய சூளைக்குள் புகுந்து, பின்சுவர் ஓரம் குந்திக்கொள்கிறான். சூளை வாயைச் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். தீ மூட்டுகிறார்கள். அவன் புகை போகும் துவாரத்தில் வாயை வைத்து மூச்சு விட்டுக்கொண்டே கொலைகாரன் யார் என்று யோசிக்கிறான். விடை கிடைத்ததும் செங்கல் சுவரை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறான். சட்டையில் ஒரு கரி. அவ்வளவுதான். எங்கள் சூளையில் ஆயிரத்துக்கும் மேல் டிகிரி ஏற்றுவோம். மண் கல்லாகிற சூடு அது. அந்தச் சூட்டில் இவருடைய ஆள் சிந்திக்கிறாராம்.

கதை வந்த வாரமே தொழிற்பேட்டையில் பிள்ளைகளின் நடமாட்டம் ஆரம்பித்தது. காலியாகக் கிடந்த சூளைகளுக்குள் புகுந்து, யார் அதிக நேரம் உட்காருவது என்று பந்தயம். பக்கத்துக் கொட்டகை வாட்ச்மேன் இரண்டு பேரைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். கேட்டதற்கு, "நாங்க யோசிச்சிக்கினு இருந்தோம்" என்றதுகளாம். இதைக் கண்டித்து அந்த ஆசிரியருக்கு எழுதுவோம் என்று நான் சொன்னபோது பொம்மைத் தொழில் செய்கிற பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். "வுடும்மா, நம்ம ஊரு பேரு புக்குல வந்திருக்குதே" என்றார் ஒருவர். இன்னொருவர் துப்பறிவாளனுக்கு அச்சு எடுத்துப் பொம்மை போடலாம் என்றார். முதலில் அச்சு எடுத்தவர் என் கணவர். அந்தச் சனிக்கிழமை சூளையில் இருந்ததெல்லாம் அந்தப் பொம்மைதான். ஆசிரியரின் வாசகர் வட்டம் தன் ஆண்டு விழாவுக்குக் கொடுத்த ஆர்டர்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. மண்ணிலும் சூளையிலும் வளர்ந்தவள். பாடப்புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிறவள், அவருடைய இதழை மட்டும் உறையைக் கிழித்து அன்றே படித்துவிடுவாள். அவளுடைய தமிழே அவருடைய தமிழாகிப்போனது. பானிபட் போரைப் பற்றிய பரீட்சை விடையில் 'அடுத்த கணம்!' என்று எழுதிவைத்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் இந்தச் சூளைக் கதையைப் படித்த அன்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அம்மா, இந்த ஆளுக்குச் சூளைன்னா இன்னான்னே தெரியலம்மா" என்று தரையில் உருண்டாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது. அவருக்குத் தப்புகளைச் சுட்டிக்காட்டி எழுதினாள். அடுத்த இதழில் ரயில் கடிதத்தில் பதில் வந்தது. 'விருத்தாசலத்துக் குட்டி வாசகி ஒருத்தி என் துப்பறிவாளனை வேகவைக்கப் பார்க்கிறாள். கற்பனை எந்தச் சூட்டையும் தாங்கும், கண்ணே!'

கண்ணே. பதில் தெரியாதபோது கண்ணே என்று சொல்லிவிடுவது பெரிய மனிதர்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

"நேர்லயே போய்க் கேக்கறேன்" என்றாள். அவர் எங்கள் ஜங்ஷனைத் தாண்டிப் போகும் நாளும் அறிவிப்பில் வந்திருந்தது. ரயிலடியில் போய்க் கூட்டத்தோடு நிற்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சரி என்று சொல்லவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நான் அந்த நாளையே மறந்துபோனேன். சூளை வைக்கிற நாளில் எங்களுக்கு வேறு நாள் கிழமை கிடையாது.

இப்போது செருப்புக்கு வருகிறேன். நீல வார், குதிகாலில் தேய்ந்தது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, ஷூவை வீட்டில் கழற்றிவிட்டு, அந்தச் செருப்போடு கொட்டகைக்கு வந்தவள் அவள். மத்தியானம் மேஸ்திரியும் என் கணவரும் சூளை வாயைப் பாதி அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் முன்பக்க அறையில் பழைய ஆர்டரை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வந்து மீதிப் பாதியையும் அடைத்து, மண் பூசி, கற்பூரம் காட்டிப் பற்றவைத்தார்கள். அந்த இடைவெளியில் அவளை யாரும் பார்க்கவில்லை. பாதி வாய் என்றால் ஒரு பிள்ளை ஏறிக் குதிக்கிற உயரம்.

"ஏங்க, பாப்பா எங்க?"

"டியூஷன் போயிருக்கும்."

"போகல. செருப்பு இங்க கிடக்குது."

அவர் செருப்பைப் பார்த்தார். பூசிய வாயைப் பார்த்தார். பிறகு ஒரு மூச்சு, ஒரே மூச்சு, சும்மா நின்றார். உள்ளே அடுக்கியிருந்த பொம்மைகளை அவர் மனசு ஒரு தரம் சுற்றி வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு மூச்சுக்கு நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

"அணைங்க!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அக்கா, பிள்ளை உள்ள எப்பிடிக்கா..." என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

"அணைய்யா முதல்ல!"

பர்னரை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் வந்த அமைதி பர்னர் சத்தத்தைவிட மோசமாக இருந்தது. உள்ளே இருந்து ஏதாவது சத்தம் வருமா என்று காதை வைத்துக் கேட்டேன். எதுவும் வரவில்லை. வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அவள் உள்ளேயே இல்லை என்ற முதல் காரணத்தை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆரம்பத் தீ மெதுவான தீதான். ஈரம் போவதற்காகச் சிறிதாக விடுவது. செங்கல் கைக்குப் பொறுக்கும் சூடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? மெதுவான தீயிலும் புகை உண்டு. கடப்பாரையை மேஸ்திரி எடுப்பதற்குள் நான் பூசிய மண்ணை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மேல்வரிசைச் செங்கலை உருவினார். இரண்டாவது, மூன்றாவது. வெந்த மண்ணும் எண்ணெய்ப் புகையும் முகத்தில் அடித்தன. தலையை உள்ளே விட்டு அவளை அழைத்தேன். பெயர் சொல்லி அழைத்தேன். பிறகு பெயர் இல்லாமல் அழைத்தேன்.

செல்போன் வெளிச்சத்தில் துப்பறிவாளன் தெரிந்தான். ஒருவன் இல்லை, வரிசை வரிசையாக. வர்ணம் பூசாத வெள்ளை முகங்கள், எல்லோருக்கும் கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பொம்மைகளை வைத்திருந்த மண்பெட்டிகளை என் கணவர் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப் பார்த்தார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அடியில் இருந்ததைப் பிடித்து இழுத்தேன். அடுக்கு சரிந்தது. என் காலடியில் உடைந்து விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு உள்ளே ஏறினேன்.

பின்சுவரின் ஓரம், கதையில் அந்த ஆள் குந்திக்கொள்கிற இடம். அங்கேயும் பெட்டிதான். அதற்குப் பின்னால் சுவர். நடுவில் என் கையை நுழைக்கக்கூட இடமில்லை. பெட்டிகளைக் கடைசி அடுக்குவரை இழுத்துப் போட்ட பிறகுதான் அவள் அங்கே இல்லை என்பதை என் உடம்பு ஏற்றுக்கொண்டது. வெளியே வந்து உட்கார்ந்தேன்.

அப்போது போன் அடித்தது. மங்கலம்பேட்டை பாய். வளைகுடாவில் பல வருஷம் சம்பாதித்துவிட்டு வந்து செல்போன் கடை வைத்திருக்கிறவர், வாசகர் வட்டத்தின் தலைவர். பொம்மை ஆர்டர் கொடுத்தவரும் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லும்போது நாற்பத்தைந்து வயசு குறைந்து போகும்.

"அக்கா, பதறாதீங்க."

"என் பொண்ணு எங்க?"

"பாப்பா நல்லாத்தான் இருக்குது. வண்டியில இருக்குது."

"எந்த வண்டியில?"

"ஆசிரியர் வண்டியிலக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாப்பா கதவுகிட்ட நின்னு கேள்வி கேட்டுச்சு. அவரு கையெழுத்துப் போட்டுக்கினே சிரிச்சாரு. பாப்பா வுடல. ஏறிப் போயிட்டுது. பேசிக்கினே இருந்துச்சு, வண்டிய எடுத்துட்டான். நாங்க ஓடினோம்க்கா, சத்தியமா ஓடினோம்."

"யாரைக் கேட்டு அவளை அங்க கூட்டிக்கினு போனீங்க?"

"அம்மாகிட்ட சொல்லிட்டியான்னு கேட்டேன்க்கா. சொல்லிட்டேன்னுச்சு. உங்க கொட்டகை பின்பக்கம்தான் ஆட்டோவ நிறுத்தினேன். ஹாரன் அடிச்சதும் ஓடியாந்துச்சு, கால்ல செருப்புகூட இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். அடுத்து வந்ததை அவரால் அடக்க முடியவில்லை. "எங்களுக்கெல்லாம் ரெண்டு நிமிஷந்தான்க்கா கிடைக்கும். பாப்பாவுக்கு அரியலூர் வரைக்கும் கிடைச்சிருக்குது!"

அந்தக் குரலில் இருந்தது பொறாமை. பெற்றவளிடம், பிள்ளையை ரயிலில் பறிகொடுத்தவளிடம், ஒரு வளர்ந்த ஆண் பொறாமைப்பட்டான். அந்த ஆசிரியர் இந்த மாநிலத்தில் என்ன உண்டாக்கியிருக்கிறார் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால், இந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதிக் கொடுப்பேன்.

பாய் கொடுத்த ஆசிரியரின் நம்பருக்கு அடித்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை என் மகளே பேசினாள். ரயில் சத்தம்.

"அம்மா, திட்டாத. நான் நல்லா இருக்கேன். அரியலூர்ல இறங்கிடுவேன்."

"பாப்பா..."

"ஆனா பாரும்மா, இவரு ஒத்துக்கவே மாட்டேங்கறாரு."

லைன் அறுந்துபோனது. எனக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா, சரியாக நினைவில்லை. என் கணவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர் யாரும் இல்லாமலேயே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சூளைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அலமாரி உண்டு. சூடு மீறி உருகிக் கெட்டுப்போன உருப்படிகளை அதில் போட்டுவைப்போம், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. போன மாதம் சோதனைக்குச் சுட்ட துப்பறிவாளன் ஒருவன் அதில் இருந்தான். சூடு ஏறிப்போய், தலை மார்புக்குள் இறங்கி, கண்ணாடியும் மூக்கும் ஒன்றாக வழிந்தவன். அவனைக் காணவில்லை என்று மேஸ்திரிதான் கவனித்துச் சொன்னார். அவனை எடுக்கத்தான் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டியிருக்கிறாள். வேறு எதற்குப் பயப்படாவிட்டாலும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு மரியாதை கொடுத்திருக்கிறாள். அந்த மரியாதைதான் என் உயிரை எடுத்தது.

பொழுது சாய்வதற்குள் பாய் வந்தார். கூடவே வட்டத்தின் ஆட்கள் இரண்டு பேர். மூவர் வயிற்றிலும் துப்பறிவாளன் படம் போட்ட பனியன் இறுகியிருந்தது. ஒழுங்காகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பிடுங்கிப் போட்ட செங்கலையும் உடைந்த பொம்மைகளையும் பார்த்தபடி நின்றார்கள். நடந்ததை என் கணவர் சொன்னார். பாய் "யா அல்லா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்தது. கூட வந்தவர்களில் ஒருவர், பாங்கில் வேலை பார்க்கிறவர், குனிந்து சில்லுகளுக்கு நடுவிலிருந்து ஒரு முழுப் பொம்மையை எடுத்து ஊதினார்.

"இது ஒண்ணு நல்லா இருக்குதே மேடம். சுடாதது எவ்வளவோ அபூர்வம். நான் எடுத்துக்கலாமா?"

என் கணவர் அவர் கையிலிருந்து அதை வாங்கித் தரையில் போட்டார். ஒரு மூச்சு தாமதித்த மனிதர் இதற்குத் தாமதிக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். அவள் தனியாக வருவாள், அல்லது யாரோ ஒரு போலீஸ்காரம்மாவோடு வருவாள் என்று நினைத்தேன். ஆசிரியர் அரியலூரில் அவளை யார் கையிலாவது பிடித்துக்கொடுத்துவிட்டு, ஜன்னலில் அடுத்த ஊரைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார். வேறு என்ன செய்யத் தெரியும் அவருக்கு? ஒருவேளை பேசக் கிடைத்தால் சொல்வதற்கென்று எனக்குள் வாக்கியங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. நல்ல வாக்கியங்கள். 'கண்ணே' என்று ஆரம்பித்தன.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் அவள். காலில் அவளுடைய காலைப்போல ஒன்றரை மடங்கு பெரிய ஆம்பளைத் தோல் செருப்பு, இழுத்து இழுத்து நடந்தாள். கையில் அந்த உருகிப்போனவன். நான் அடிப்பேன் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். நான் அவள் தலையை முகர்ந்து பார்த்தேன். ரயில் வாசனை, வேர்வை, யாரோ வாங்கிக்கொடுத்த வேர்க்கடலை. புகை இல்லை. மறுபடி முகர்ந்தேன். இப்போதும் சில நாள் அவள் தூங்கும்போது முகர்ந்து பார்க்கிறேன்.

"எதுக்கும்மா வாயை உடைச்சீங்க? சூளை ஆறவே இல்லையே!" என்றாள். சூளைக்காரி மகள். அவள் கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே தன் நீலச் செருப்பைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். பிறகு தோல் செருப்பைக் கழற்றிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

காரின் மறுபக்கக் கதவு திறந்தது. பாய் எழுந்து நின்றார். மற்ற இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். நான் நினைத்ததைவிடக் குள்ளமான மனிதர், தோளில் ஜோல்னாப் பை, காலில் சாக்ஸ் மட்டும். அரியலூரில் இறங்கி, தன் வண்டியை விட்டுவிட்டு, கார் பிடித்து வந்திருக்கிறார். விருத்தாசலத்து மண்ணில் அவர் கால் வைப்பது அதுதான் முதல் முறை. அதுவும் செருப்பு இல்லாத கால்.

யாரோ அவருக்கு விஷயத்தைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். என் வாக்கியங்களோடு தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டி நடந்தார். கோட்டைத் தாண்டினார். உடைந்த தன் துப்பறிவாளர்கள் சாக்ஸில் குத்தாதபடி காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சூளை வாய்க்குப் போய், தலையை உள்ளே விட்டார். பின்சுவரைப் பார்த்தார். கையை நீட்டிச் செங்கலின் சூட்டைத் தொட்டார், உதறினார், மறுபடி தொட்டார். நெடுநேரம் அப்படியே நின்றார். என் மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலையை வெளியே எடுத்தபோது நெற்றியில் ஒரு கரி. அவருடைய ஆளுக்குச் சட்டையில் இருந்ததே, அதே அளவு.

"உள்ள இடமே இல்லையேம்மா" என்றார். பிறகு பிடுங்கிப்போட்ட செங்கலைக் காட்டி, "இதை இப்படியே விட்டு வைங்க. நாளைக்கே ஓவியரைக் கூட்டிக்கிட்டு வரேன்."